ஒரே பால், இரண்டு கை

என் அண்ணி பூவம்மாவுக்கு மூடி என்று ஒன்று கண்ணில் பட்டால் திறந்து பார்த்தாக வேண்டும். விருந்துக்குப் போன வீடானாலும் சரி, தேக்கா சந்தையில் ஊறுகாய் விற்கிறவரின் கடையானாலும் சரி, வாய் பேசிக்கொண்டிருக்கும்போதே கை பக்கத்துப் பாத்திரத்தின் மூடியைத் தூக்கிவிடும். எட்டிப் பார்ப்பாள், மூடுவாள், விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வாள். பார்க்கிறவர்கள் இவள் தின்னிப்பண்டாரம் போல என்று முகத்தைச் சுளிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஐம்பத்தெட்டாம் வருஷம் எங்கள் வீட்டில் நடந்தது அவர்களுக்கு எங்கே தெரியும்?

அப்போது நாங்கள் சிராங்கூன் சாலைக்குப் பின்னால், காலாங் ஆற்றை ஒட்டிய மேட்டில், மாட்டுக்கொட்டகையோடு சேர்ந்த, அத்தாப்பு ஓலை வேய்ந்த வீட்டில் இருந்தோம். அம்மா முத்தாயி, அண்ணன் மருதப்பன், கண்மணியாகிய நான், ஐந்து மாடுகள். அண்ணன் விடியலில் சைக்கிளில் பால் கேனைக் கட்டிக்கொண்டு டன்லப் தெரு, கெர்பாவ் சாலை என்று வீடு வீடாக ஊற்றிவிட்டு வருவான். மிச்சப் பாலைத் தயிராக்கிச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுப்போம். தயிருக்குப் பெயரே 'முத்தாயி தயிர்'தான். பானையைச் சாய்த்தாலும் அசையாது. அம்மாவின் கைராசி என்று ஊரே சொன்னது. ஊர் சொன்னதை அம்மா ஒருநாளும் மறுக்கவில்லை.

பூவம்மா அண்ணனுக்கு வாக்கப்பட்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து இறங்கினாள். மெலிந்த உடம்பு, பெரிய நடை. உட்கார் என்றால் உட்காருவாள், அடுத்த நிமிஷம் எழுந்து எதையாவது துடைப்பாள். வந்த மூன்றாம் நாள் அம்மா அவளைக் கூப்பிட்டு உறைமோர்க் கிண்ணத்தைக் கையில் கொடுத்தாள். எங்கள் வீட்டில் சாவிக்கொத்தைவிட அது பெரிய பொறுப்பு.

"இனிமே இந்த வீட்டுத் தயிரு ஒன் கையில" என்றாள் அம்மா.

அன்று சாயங்காலம் பூவம்மா பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்து, உறை ஊற்றினாள். நானும் பக்கத்தில் இருந்தேன். ஒரு குறையும் சொல்ல முடியாது. காலையில் மூடியைத் திறந்தால் பால் பாலாகவே நின்றது. புளிக்கவும் இல்லை, உறையவும் இல்லை. "கப்பல் களைப்பு, கையிலயும் இருக்கும்போல" என்று அம்மா சிரித்தாள். மறுநாளும் அதே கதை. அம்மா சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு பூவம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உறை ஊற்றிய பானையைச் சாக்கால் சுற்றி அடுப்போரம் வைப்பாள். வாசலுக்குப் போவாள், திரும்பி வந்து மூடியைத் தூக்கிப் பார்ப்பாள். சாதம் பிசைந்த கையோடு எழுந்து போய்ப் பார்ப்பாள். உறைமோரைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள், புதுப் பானை வாங்கி வரச்சொன்னாள். "தொறந்து தொறந்து பாத்தா அது எப்படிடி உறையும்?" என்று அம்மா அதையும் அவள் குற்றக் கணக்கில் சேர்த்துவிட்டாள்.

போதாக்குறைக்கு அம்மா தன் கையாலேயே ஒரு பானை உறை ஊற்றிப் பக்கத்தில் வைத்தாள். கருப்பியின் பால். கருப்பி அம்மாவின் மாடு. அதை அம்மா தவிர வேறு யாரும் தொடக்கூடாது, கறக்கக்கூடாது. கோயில் அபிஷேகத்துக்குப் போவது அதன் பால்தான். மற்ற நான்கு மாடுகளை அண்ணன் கறந்து கேனில் ஊற்றுவான். பூவம்மாவுக்குக் கிடைப்பது அந்தப் பால். காலையில் இரண்டு பானைகளையும் திறந்தார்கள். அம்மாவுடையது பாறை. பூவம்மாவுடையது தண்ணீர்.

"இதுக்கு மேல என்ன வேணும்?" என்று அம்மா கேட்டாள்.

அன்றைக்கே பூவம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஊருக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, தெருப் பெயர் ஒன்றும் தெரியாது. அண்ணன் பால் ஊற்றும் வீடுகளை எப்படியோ விசாரித்து விசாரித்துக் கதவைத் தட்டினாள். கேட்டது ஒரே கேள்விதான்: "ஒங்க வீட்ல தயிர் உறையுதா?" டன்லப் தெரு ஆமினா பீவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாராம். "எங்கம்மா உறையுது? ஒன் வீட்டுக்காரரு தண்ணி ஊத்துறாருன்னுல்ல நெனச்சிக்கிட்டு இருக்கேன்!"

மூச்சிரைக்க ஓடி வந்தாள் பூவம்மா. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. "அத்தை, என் கை இல்ல அத்தை! எல்லா வீட்லயும் உறையல! பாலுலதான் என்னமோ இருக்கு!"

அம்மா வெற்றிலையை மடித்தபடியே கேட்டாள்: "கேனு கழுவுறது யாரு?"

கேன் கழுவுவது பூவம்மாதான். அந்தச் சந்தோஷம் முகத்திலிருந்து வழிந்து போனதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அம்மாமேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. வீட்டு விஷயத்தைத் தெருவெல்லாம் கொண்டுபோய்க் கொட்டினாள் என்று அம்மா அதற்கும் ஒரு பாட்டம் திட்டினாள். அடுத்த வாரம் சாப்பாட்டுக் கடைக்காரர் வேறு இடத்தில் தயிர் எடுக்க ஆரம்பித்தார். அதோடு முடிந்தது. "அடுத்த கப்பல்ல ஊருக்கு அனுப்பிச்சிடு. ராசியில்லாத கைய வச்சிக்கிட்டு நாம பால் யாவாரம் பண்ண முடியாது" என்றாள் அம்மா. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினான். கப்பலுக்குச் சீட்டும் எடுத்துவிட்டான்.

பூவம்மாவுக்குப் பின்னால் ஊரில் இரண்டு தங்கைகள். அக்காள் வாழாவெட்டியாகத் திரும்பி வந்தால் அந்த வீட்டுப் படியை யார் மிதிப்பார்கள்? அவள் அழவில்லை. கொட்டகைக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

நான் அப்போது கால்நடை இலாகாவைச் சேர்ந்த ஒரு பால் சோதனைக் கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே மேசை வேலை பார்த்தவர் விஸ்வலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். தீவு முழுக்க இருந்த மாட்டுக்கொட்டகைகளிலிருந்து பாலை எடுத்துவந்து என்னென்ன கோளாறு இருக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். பாலில் ஒரு சொட்டு நீலச் சாயம் விடுவார்கள். கிருமி நிறைய இருந்தால் நீலம் சீக்கிரமே வெளுத்துவிடும். நல்ல பாலில் நெடுநேரம் நிற்கும்.

ஒருநாள் காலையில் அவர் ஒரு குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மற்றவை எல்லாம் வெளுத்த பிறகும் அது மட்டும் மயில் கழுத்தாக நின்றது.

"நல்ல பாலுங்களா சார்?" என்றேன்.

"கொட்டில் பால் இவ்வளவு நல்லாய் இருக்க ஏலாது, பிள்ளை. எனக்கு இதிலதான் சந்தேகம்." அந்தப் பாலைக் கொஞ்சம் வேறு குழாயில் ஊற்றி, உறைய வைக்கும் கிருமியை விட்டு, சூட்டுப்பெட்டிக்குள் வைத்தார். பொழுது சாய்கிற நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். "இஞ்ச பாரும். மற்றதெல்லாம் தயிராய்ப் போச்சு. இது பாலாவே கிடக்கு. மாட்டின்ர மடிக்குள்ள ஆரோ பென்சிலின் அடிச்சிருக்கினம். அது பாலோட வருது. காய்ச்சினாலும் போகாது. கெட்ட கிருமியும் சாகும், தயிர்க் கிருமியும் சாகும். விளங்குதோ?"

விளங்காமல் என்ன? எந்தக் கொட்டகைப் பால் சார் இது என்று கேட்டேன். சொன்னார். எங்கள் கொட்டகை.

மறைக்க எனக்கு மனம் வரவில்லை. அது எங்கள் வீட்டுப் பால் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "அப்ப உம்மட அண்ணரிட்டப் போய்ச் சொல்லும். மருந்தை நிப்பாட்டி, நாலு நாள் பாலைக் கீழ ஊத்திப்போட்டால் சரியாயிடும். நானும் வந்து பாப்பன். இந்தப் பாலைக் குடிச்சு உடம்பெல்லாம் தடிச்சு ஆசுபத்திரிக்குப் போற ஆக்களும் இருக்கினம். இது விளையாட்டில்லை, பிள்ளை."

பஸ்ஸில் எனக்கு உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே வந்தேன். கொட்டகைக்குள் நுழைந்ததும் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். "மாட்டுக்கு என்ன மருந்து போடுறே?"

அவன் முகம் செத்துவிட்டது. "மெதுவா பேசு லா!" பயத்திலும் இந்த ஊர்ப் பேச்சின் வாலான 'லா' அவன் வாயைவிட்டுப் போகவில்லை.

பூவம்மா வந்து இறங்கிய மறுநாளே செவலை மாட்டுக்கு மடி வீங்கியிருக்கிறது. கல்யாணச் செலவு தலைக்குமேல் இருக்கும்போது பாலும் நின்றால் என்ன செய்வது என்று பயந்து, துறைமுகத்தில் யாரோ விற்ற பென்சிலின் குழாய்களை வாங்கியிருக்கிறான். செவலைக்கு ஒரு வேளை போட்டதும் வீக்கம் வடிந்தது. உடனே நிறுத்திவிட்டான். மிச்சத்தை வீணாக்க மனமில்லாமல், நோய் வருவதற்கு முன்பே இருக்கட்டும் என்று ஒரு குழாயை மற்ற மூன்று மாட்டுக்கும் பங்கு போட்டிருக்கிறான். செவலைக்கு மறுபடி வீங்கியதும் மறுபடி கொஞ்சம். இப்படியே விட்டு விட்டு நடந்திருக்கிறது. கருப்பியின் பக்கம் மட்டும் அவன் போகவில்லை; அம்மா இருக்கிறாளே! இங்கிலீஷ் மருந்து பட்ட மாட்டின் பால் சாமிக்கு ஆகாது, என் கொட்டகைக்குள் அது நுழையக்கூடாது என்பது அம்மாவின் சட்டம்.

"அதனாலதான் தயிர் உறையல. அண்ணி கையில ஒண்ணும் இல்ல. வா, அம்மாகிட்டச் சொல்லு" என்றேன்.

"எனக்கும் அப்படித்தான் ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்றான்.

இதைக் கேட்டதும் எனக்கு அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. "இருந்துச்சா? அப்புறம் ஏன் வாயத் தொறக்கல?"

"அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னைய உசுரோட விடுவாங்களா? அவ கொஞ்ச நாள் ஊர்ல இருக்கட்டும் லா. அம்மா கோவம் தணிஞ்சதும் கூப்பிட்டுக்கலாம்."

பின்னால் புல்கூடை தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. பூவம்மா நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது, எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். புருஷனை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. என்னிடம்தான் கேட்டாள்.

"எந்தெந்த மாடு, கண்மணி?"

"கருப்பியத் தவிர நாலும்."

நேராக அம்மாவிடம் போனாள். அண்ணன் பின்னாலேயே ஓடினான். அவள் காட்டிக்கொடுத்துவிடுவாள் என்றுதான் நானும் நினைத்தேன். காட்டிக்கொடுக்கட்டும் என்றும் நினைத்தேன். ஆனால் அவள் மருந்தைப் பற்றி மூச்சுவிடவில்லை.

"அத்தை, நான் கப்பலேறிப் போறேன். போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. நான் தொடாத பானையில, நான் தொடாத செம்புல செவலைப் பாலக் கறக்கச் சொல்லி, நீங்களே காச்சி, நீங்களே உறை ஊத்துங்க. நான் கருப்பி பாலுக்கு ஊத்துறேன். ஒரு ராத்திரி வச்சிப் பாப்போம்."

அம்மாவுக்கு அதில் ஒரு மறுப்பும் இல்லை. தன் கையை அவள் என்றைக்குச் சந்தேகப்பட்டாள்?

பூவம்மா செம்பைத் தொடாமல் அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்களே எடுத்துட்டுப் போயி கறந்து குடுங்க." அவன் போனான். செவலையின் கீழே உட்கார்ந்தான். அங்கேயே எழுந்து வந்து அம்மா, இது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. செம்பைக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினான். பூவம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன்தான் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலத்துக்கு மேல் அவள் ஒரு தடவைகூட மூடியைத் தொடவில்லை. தன் இரண்டு கைகளையும் மடிக்குள் இடுக்கிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். எனக்குத்தான் எழுந்து எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றியது.

விடிந்ததும் அம்மா முதலில் பூவம்மாவின் பானையைத் திறந்தாள். கருப்பியின் பால். கெட்டித் தயிர், விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. அம்மா அடுத்துத் தன் பானையைத் திறந்தாள். பால் தளும்பியது. கரண்டியை விட்டுக் கலக்கிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள், இன்னொரு தடவை கலக்கினாள். அம்மா அன்றைக்குப் போல முழித்து நான் பார்த்ததே இல்லை. பாவமாகத்தான் இருந்தது.

"என்னடி இது?"

நான் வாயைத் திறந்தேன். பூவம்மா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். வலித்தது. அவள் கண் அண்ணன்மேல் இருந்தது. அவன் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு மாட்டைக் கறந்து முடித்திருக்கலாம்.

"மருந்து போட்டேம்மா" என்றான் கடைசியில்.

அம்மா அவனை அடிக்கவில்லை. பானையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். திரும்பி வந்து உறைமோர்க் கிண்ணத்தை எடுத்துப் பூவம்மாவின் முன்னால் நீட்டினாள். "ஒன் கை ராசியான கைதான்டி. பெரியவ ஏதோ தெரியாமப் பேசிட்டேன். இந்தா, வாங்கிக்க. நீ எங்கயும் போவேணாம்."

"ராசியெல்லாம் ஒண்ணும் இல்ல அத்தை. பாலு கெட்டிருந்துச்சு. அவ்ளோதான்." கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். "மருந்த நிறுத்தினா நாலு நாள்ல பாலு சரியாயிடுமாம், கண்மணி சொல்லிச்சு. ஒங்க மகன் சரியாக எத்தன நாளாகும் அத்தை?"

அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். கப்பல் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தான்.

பூவம்மா ஆசை பொங்கி இங்கே தங்கவில்லை. தங்கைகளுக்காகத் தங்கினாள். என்னிடமே அதைச் சொன்னாள், நானும் குறுக்கே பேசவில்லை. நாலு நாளும் கறந்த பாலை அண்ணன் கையாலேயே சாக்கடையில் ஊற்றவைத்தாள். வாடிக்கை வீடுகளுக்கு அவனையே அனுப்பிக் காரணத்தைச் சொல்லவைத்தாள். ஆமினா பீவி அவனை வாசலில் நிறுத்திவைத்துக் கேட்ட கேள்விகளை நான் இங்கே எழுத முடியாது.

செவலையின் மடி மறுபடி வீங்கியது. இந்தத் தடவை அம்மாவே டாக்டரைக் கூப்பிடச் சொன்னாள். விஸ்வலிங்கமும் கூட வந்து பாலை எடுத்துப் போனார். இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டு ஒரு வட்டத் தட்டைக் காட்டினார். நடுவில் பென்சிலின் தோய்த்த சின்னக் காகிதப் பொட்டு. அதைச் சுற்றிக் கிருமி செத்து வெறுமையாக இருக்க வேண்டுமாம். பொட்டின் விளிம்பு வரைக்கும் கிருமி செழித்து வளர்ந்திருந்தது. "அரைகுறையாய்க் குடுத்துக் குடுத்துக் கிருமிக்கு மருந்தைப் பழக்கிப்போட்டார் உம்மட அண்ணர். இனி இந்த மருந்து இந்த மாட்டுக்கு உதவாது" என்றார். செவலைக்கு ஒரு பக்க மடி கல்லாகி, கடைசிவரை அதில் பால் சுரக்கவில்லை. பூவம்மா அதை விற்கச் சம்மதிக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. பூவம்மா தினம் ஒவ்வொரு மாட்டுப் பாலையும் தனித்தனித் தம்ளரில் உறை ஊற்றி வைப்பாள். காலையில் எல்லா மூடியையும் திறந்து பார்த்த பிறகுதான் கேன் சைக்கிளில் ஏறும். பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் "மருதப்பன் பொண்டாட்டி தம்ளர் ஜோசியம் பாக்குறா" என்று கேலி பேசினார்கள். அப்புறம் அவர்களே மாடு சீக்காகும்போது ஒரு செம்புப் பாலோடு வந்து நின்றார்கள். விஸ்வலிங்கம் தம் ஆராய்ச்சிக்கு அவள் சொல்லும் சேதியைக் கேட்டுக்கொண்டு போவார். அவளுக்கு அதில் பெருமை எதுவும் இல்லை. பயம்தான் இருந்தது. எல்லாத் தம்ளரும் உறைந்து நின்ற காலையிலும் நாளைக்கு என்ன ஆகுமோ என்றுதான் அவள் எழுந்து நடப்பாள்.

அறுபத்தாறில் கொட்டகைகளை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். எங்களுக்குத் தோ பாயோவில் மாடிவீடு கிடைத்தது. மாடுகளை வாங்கினவர்கள் ஓட்டிக்கொண்டு போன மறுநாள் காலை, சாமான்களைக் கட்டிப்போட்ட அடுப்படியில் கடைசிப் பானைத் தயிர் மட்டும் தரையில் இருந்தது. அண்ணன் அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். தலை பாதி நரைத்துவிட்டது அவனுக்கு. இரண்டு பிள்ளைகள் வெளியே லாரியில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தன.

"பூவு, அன்னிக்கு அம்மாகிட்ட ஒண்ணு கேட்டியே, ஞாபகம் இருக்கா? நான் இப்ப சரியாயிட்டேனா?"

எட்டு வருஷமாக அவன் அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு சைக்கிள் மிதித்திருக்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பூவம்மா குனிந்து மூடியைத் திறந்தாள். பானையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தாள். அசையவில்லை.

"தயிரு நல்லாத்தான் இருக்கு லா" என்று சொல்லிவிட்டு மூடியை மூடினாள்.